டெக்னிக்ஸ் 1200-க்கு எந்த கார்ட்ரிட்ஜ்? முதலில் ஊசியைக் கேளுங்கள்

நண்பர் ஒருவர் பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) ஒன்றை வாங்கிவிட்டு, என்ன கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) போடலாம் என்று கேட்டிருக்கிறார். அதே டர்ன்டேபிளில் ஆடியோ-டெக்னிக்காவின் விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜை வருடக்கணக்காக ஓட்டிவருகிறேன். மற்ற விவரமெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால், என்னைப் படுத்திய ஒரே விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன்: தட்டின் கடைசி ஐந்து நிமிடம்.

கர்நாடக இசை எல்பி கேட்பவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் முழுக்க ஒரே கீர்த்தனை. ஆலாபனை தொடங்கும்போது எல்லாம் தெளிவு. கல்பனாஸ்வரத்துக்கு வரும்போது ஊசி லேபிளை நெருங்கியிருக்கும். பாடகி மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கிறார். அந்த 'ஸ' சீறுகிறது. கச்சேரியின் உச்சம் எங்கேயோ, அங்கேதான் தட்டின் பலவீனமும் இருக்கிறது.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால், வெளி விளிம்பில் பள்ளம் ஊசியடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடுகிறது. லேபிள் அருகே அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பொறித்திருப்பார்கள். கோனிக்கல் ஊசியின் உருண்டை நுனியால் அந்த நெருக்கத்துக்குள் இறங்க முடியாது. நீள்வட்ட நுனியுள்ள எலிப்டிகல் ஓரளவு இறங்கும். சீறல் குறையும், போகாது.

விஎம்95-இன் அருமை இங்கே தெரிகிறது. உடல் ஒன்றுதான், முன்னால் இருக்கும் ஊசியை மட்டும் உருவிவிட்டு வேறு வடிவத்தைச் செருகலாம். மிக மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலீனியர் ஊசியைப் போட்ட அன்று அந்த ஷட்ஜம் சுத்தமாக நின்றது. தம்புரா தனியாகக் கேட்டது. ஸ்வரக் கோர்வைக்குப் பின்னால் வயலின் வாங்கிப் பதில் சொல்வது முழுதாகக் காதில் விழுந்தது. ஆயுளும் அதிகம்: எலிப்டிகலுக்கு 300 மணி நேரம் என்று சொல்லும் அதே நிறுவனம் இதற்கு 1000 மணி நேரம் என்கிறது.

ஆனால் பொருத்துவதில் சலுகை கிடையாது. ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைத் திருகி மாட்டும் தலைப்பகுதி) வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சைக் கம்பிகளை இடுக்கியால் பிடித்துக் கார்ட்ரிட்ஜின் பின்களில் செருக வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தலைமுடி போன்ற கம்பி கிளிப்போடு கையில் வந்துவிடும். ஹெட்ஷெல் ஆர்மோடு (ஊசியைத் தட்டின் மேல் தாங்கும் கை) சேரும் இடத்து வாஷரிலிருந்து ஊசி நுனி வரை 52 மி.மீ. என்பது டெக்னிக்ஸின் கணக்கு. அதில் தவறினால் மைக்ரோலீனியருக்குக் கொடுத்த பணம் வீண். ஊசி தட்டை அழுத்தும் எடையை 2 கிராமில், தனித் தராசில் பார்த்து வையுங்கள்.

"டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜைப் போடு, கண்ணை மூடிக்கொண்டு" என்று சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். 1960-களில் ஜப்பானின் என்எச்கே வானொலி நிறுவனத்தின் ஒலிபரப்புக்காக உருவான மிக நல்ல கார்ட்ரிட்ஜ் அது, மறுக்கவில்லை. ஆனால் ஊசியைத் தாங்கும் அதன் விறைப்பான சஸ்பென்ஷனுக்குக் கனமான ஆர்ம் வேண்டும். 1200-இன் ஆர்ம் சுமார் 12 கிராம்தான். அது தரும் வெறும் 0.3 மில்லிவோல்ட் சிக்னலைப் பெருக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். ஊசியோ உருண்டை. என் சிக்கலுக்கு அது விடையே இல்லை.

சரி, நண்பர் எதை வாங்கலாம்? இவ்வளவு எழுதியும், மைக்ரோலீனியர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவரிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய கொலம்பியா, ஏஞ்சல் முத்திரை போட்ட சினிமாப் பாட்டு இபி (சிறிய தட்டு) தட்டுகள். பல வீட்டு ஊசிகள் உழுதுவிட்டுப் போனவை. என்னிடம் இருக்கும் அதே மாதிரித் தட்டுகளில் மைக்ரோலீனியர் பாட்டைவிடக் கீறலைத்தான் அக்கறையாக வாசித்துக் காட்டுகிறது. விலையோ கோனிக்கலைப்போலப் பல மடங்கு. கோனிக்கலைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது ஒலியை ஒன்றாக்கும் மோனோ பட்டனை அழுத்தினால் பாதி இரைச்சல் அடங்கிவிடுகிறது, குரல் நடுவில் திடமாக நிற்கிறது. வேலை முடிந்து வந்து உட்காரும் இரவுகளில் நானும் அதைத்தான் மாட்டுகிறேன்.

கோனிக்கலோடு வரும் விஎம்95சி வாங்கட்டும். கச்சேரித் தட்டு சேரத் தொடங்கினால் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், 52 மி.மீ. அளந்து வைக்க நானே வருகிறேன்.