வேலூரிலிருந்து ஒரு விடுமுறை நாள்: கேளிக்கைப் பூங்காவா, ஏரிக்கரையா?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் மூடப்பட்ட கேளிக்கைப் பூங்காக்கள் மறுபடியும் திறந்து, பழையபடி கூட்டம் சேரத் தொடங்கிய பிறகு, விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கிறார்கள். அதே ஊரடங்குக் காலத்தில்தான் பலர் மொட்டை மாடியில் நின்று மைனாவையும் செம்போத்தையும் முதன்முறையாக நிதானமாகப் பார்த்தார்கள். ஒரே ஒரு நாள் கையில் இருந்தால் கேளிக்கைப் பூங்காவா, பறவை பார்ப்பதா, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வேலூர்க்காரர்களுக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி.

முதலில் தூரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய ராட்டினங்களுக்காக நம்மூர்க்காரர்கள் நாடுவது சென்னைப் புறநகரை அல்லது பெங்களூரைத் தாண்டியுள்ள பிடதியை. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போக மூன்று மணி நேரமாவது ஆகும். போக வர ஆறு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வரிசை என்று கணக்குப் போட்டால், இரண்டு மூன்று நிமிட விளையாட்டுக்காகச் செலவாகும் நேரம் மிக அதிகம். உயர வரம்பை எட்டாத சிறுவனும் முட்டிவலி உள்ள பாட்டியும் முழுக் கட்டணமோ சலுகைக் கட்டணமோ கொடுத்துவிட்டு வெளியே நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: பணம் கட்டினால் மகிழ்ச்சி ஏறக்குறைய நிச்சயம். பறவைகள் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. காலை பத்து மணிக்கு மேல் ஏரிக்குப் போனால் வெயிலைத் தவிர எதுவும் கண்ணில் படாமல் போகலாம். நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும் வேலூர் மே மாதத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகளும் அத்தை, மாமா பிள்ளைகளும் ஒன்றுசேரும்போது, நீர்ச்சறுக்குகள் உள்ள பூங்காவையே நான் பரிந்துரைப்பேன். 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்துக் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் பழுதாகி அந்தரத்தில் நின்றதால், அதிலிருந்தவர்கள் மணிக்கணக்கில் தவித்ததை நினைவில் வைத்து, பராமரிப்புக்குப் பின் திறந்த ராட்டினம் சோதிக்கப்பட்டதா என்று நுழைவாயிலில் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆடி கழிந்து மழை தொடங்கிவிட்டால் என் தேர்வு மாறிவிடும். வேலூரை அடுத்த கணியம்பாடி, அணைக்கட்டு ஊர்களின் பக்கம் கிணற்றோரப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் காலம் அது. மஞ்சள் தலையுடன் ஆண் குருவி நெல் தாளையும் பனையோலையையும் நீண்ட நாராகக் கிழித்துக்கொண்டு வந்து, முதலில் ஒரு வளையம் பின்னி, அதைப் பாதிக் கூடாக வளர்த்துவிட்டு, இறக்கையைப் படபடவென்று அடித்துப் பெண் குருவியை அழைக்கும். பெண் உள்ளே புகுந்து அலகால் இழுத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் ஆண் முட்டையறையையும் நீண்ட நுழைவுக்குழாயையும் முடிக்கும். ஏற்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். கீழே கிழிந்த நார்கள் சிதறிக் கிடக்கும் பனையடியில், சற்றுத் தள்ளி அமைதியாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இவ்வளவையும் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பெரியவருக்கும் இதில் சம பங்கு உண்டு என்பதால், இதை எந்த ராட்டினத்துக்கும் மேலாக மதிக்கிறேன். கூட்டைப் பறித்து வீட்டில் மாட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். குஞ்சு உள்ளே இருக்கிறதா என்பது கீழிருந்து தெரியாது.

ஊரை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்குக் கோட்டை அகழியே போதும். சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், தண்ணீரில் பாயும் மீன்கொத்தி, கரையில் மண்ணோடு மண்ணாகப் பழுப்பு நிறத்தில் நின்று, பறக்கும்போது மட்டும் வெள்ளை காட்டும் மடையான் ஆகியவற்றை விடிகாலை நடைப்பயிற்சியின்போதே காணலாம்.

கேளிக்கைப் பூங்காவுக்கும் பறவை பார்ப்பதற்கும் இடைப்பட்ட தேர்வாக, வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி உயிரியல் பூங்கா இருக்கிறது. புள்ளிமானையும் மயிலையும் உறுதியாகப் பார்க்கலாம் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. மழைக்குப் பின் போனால் அருவியிலும் தண்ணீர் இருக்கும். எனினும் கூண்டுகளோடு திரும்பிவிடாமல், வெளியே உள்ள மரங்களையும் சற்று அண்ணாந்து பார்ப்பது நல்லது.

பொங்கல் விடுமுறையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. காணும் பொங்கலன்று கேளிக்கைப் பூங்காக்களில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். அதே நாள்களில், 2015 முதல் தமிழகமெங்கும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், வீட்டு மாடியிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணி, பறவைகளைப் பதிவிடும் இணையதளமான இ-பேர்டில் (eBird) பதிவுசெய்தாலே யாரும் பங்கேற்கலாம். பொங்கல் வைக்கும் முன்பே, காலை ஆறரை மணிக்கு மாடியேறினால் எண்ணிக்கை கூடும்.