டைட்டானியம் அலுமினைடு டர்போ: 14 மாதம் ஓட்டிய அனுபவம்

என்னுடையது டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வைத்த இரண்டு லிட்டர் பெட்ரோல் கார். ஒன்பது வருடமாக அதே கார்தான். பழைய டர்போவில் ஷாஃப்ட் ஆட்டம் கொடுக்க ஆரம்பித்ததும் அதே அளவில் புதுக் கோர் (சக்கரங்கள், ஷாஃப்ட், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) ஒன்று வாங்கினேன். கம்ப்ரசர் சக்கரம், பேரிங் எல்லாம் பழையதில் இருந்த மாதிரியேதான். ஒன்று மட்டும் வேறு. எக்ஸாஸ்ட் வாயு அடித்துச் சுழற்றும் டர்பைன் சக்கரம் வழக்கமான இன்கோனல் என்னும் நிக்கல் கலப்பு உலோகம் அல்ல, டைட்டானியம் அலுமினைடில் வார்த்தது. இன்கோனல் 713சி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8 கிராம் இருக்கும், இது சுமார் 4 கிராம். அதே உருவம், பாதி எடை.

பெட்டியைத் திறந்ததும் சக்கரத்தைக் கழற்றித் தராசில் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடும் பொருளை பேலன்ஸ் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள், பிரித்தால் அது போய்விடும். விரலால் சுழற்றி மட்டும் பார்த்தேன்.

மாட்டிய அன்றே, மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து, பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறுவதை லாகரில் (எஞ்சின் தகவல்களைப் பதியும் கருவி) பதிவு செய்தேன். பழைய டர்போவில் எடுத்த கோடு என்னிடம் இருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. முழு பூஸ்ட் ஒரு 100 ஆர்பிஎம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். உச்ச பவரிலும் மாற்றம் இல்லை. இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியதற்கு இதுதானா என்று அன்று இரவு மனசே சரியில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மலைப்பாதையில் ஓட்டும்போதுதான் விஷயம் புரிந்தது. வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வளைவு முடிகிற இடத்தில் மறுபடி மிதித்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு மூச்சு காத்திருக்க வேண்டும். இப்போது கால் இறங்கும்போதே வண்டி இழுத்தது. வீட்டுக்கு வந்து, ஷாஃப்ட் நன்றாக இருந்த காலத்துப் பதிவுகளைத் தோண்டினேன். மூன்றாவது கியர், 3,000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து சட்டென்று முழுக்க மிதித்த ஐந்து இடங்கள் கிடைத்தன. மிதித்ததிலிருந்து 1 பார் பூஸ்ட் வர சராசரியாக 1.4 நொடி. புது டர்போவில் அதையே ஐந்து முறை செய்து பார்த்தேன். சராசரி 1 நொடி.

இந்தச் சக்கரத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் வரும் என்பதைத் தீர்மானிப்பது எக்ஸாஸ்ட் வாயுவில் உள்ள சக்தியும் டர்பைனின் அளவும். சக்கரத்தின் எடைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. வேகம் குறைந்த சக்கரம் மறுபடி வேகம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் எடை பேசுகிறது. கீழிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும் சோதனையில் சக்கரத்துக்கு நேரம் தாராளமாகக் கிடைப்பதால் வித்தியாசம் தெரியாது. காலை எடுத்து எடுத்து மிதிக்கும் சாலையில் ஒவ்வொரு முறையும் தெரியும்.

இந்த லேகை, அதாவது மிதித்த பிறகு பூஸ்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை, குறைக்கச் சிறிய டர்பைன் போட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே வடிவச் சக்கரத்தில் சுழல் நிலைமம் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். அதாவது விட்டத்தை 13 சதவீதம் குறைத்தாலே நிலைமம் பாதியாகிவிடும். ஆனால் அந்தச் சின்னச் சக்கரம் மேல் ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்டை நெரிக்கும், எஞ்சின் மூச்சு முட்டும். பெரிய சக்கரத்தின் வாயிலை வைத்துக்கொண்டே சின்னச் சக்கரத்தின் சுறுசுறுப்பைப் பெறுவதற்குத்தான் இந்த உலோகம். எனக்கு இந்தக் கணக்கே மிகவும் பிடித்துப்போனது.

கம்ப்ரசர் பக்கம் இந்த அளவுக்கு ஆதாயம் கிடையாது. அங்கே ஏற்கனவே அலுமினியம், கன சென்டிமீட்டருக்கு 3 கிராம்கூட இல்லை. டைட்டானியம் கம்ப்ரசர் சக்கரம் என்று கேட்டதும் எடை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். பெரிய டீசல் எஞ்சின்களில் அதைப் போடுவது வெப்பத்தையும் உலோகக் களைப்பையும் தாங்குவதற்காக.

இப்போது கெட்ட செய்தி. மேலே சொன்ன 14 மாதம் ஓடியது என்னுடைய இரண்டாவது கோர். முதலாவது மூன்று வாரம்தான் வந்தது. பூஸ்ட் ஏறும்போது சைரன் மாதிரி ஒரு சத்தம். எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பிளேடின் முனையைக் காணோம். எஞ்சினிலிருந்து வாயுவை டர்போவுக்குக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்த விரிசலை முன்பு ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்திருந்தேன். வெல்டிங்கில் உள்ளே சிதறிய உலோக மணி ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது, பக்கத்தில் இன்னொன்று பெயர்ந்த தடம். அதுதான் போய்ப் பிளேடில் அடித்திருக்க வேண்டும். இன்கோனலாக இருந்தால் அந்த முனை அநேகமாக மடங்கியிருக்கும். இது சில்லாகப் பெயர்ந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் ஒன்றிரண்டு சதவீதம் நீள்வதற்குள் ஒடிந்துவிடும் உலோகம் இது. டர்போ விற்றவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இரண்டாவது கோர் என் சொந்தக் காசில் வாங்கினேன்.

எடைக்காக உடையும் தன்மையை ஏற்றுக்கொள்வது புதிதல்ல. 1985இல் நிசான் தன் ஃபேர்லேடி இசட் காரில் சிலிக்கான் நைட்ரைடு செராமிக் டர்பைனையே போட்டது. அது டைட்டானியம் அலுமினைடைவிடவும் லேசு, கன சென்டிமீட்டருக்கு 3.2 கிராம் அளவுதான். ஸ்கைலைன் ஜிடி-ஆரிலும் செராமிக் வந்தது. பூஸ்டை இஷ்டத்துக்கு ஏற்றியவர்களுக்கு அந்தச் சக்கரங்கள் நொறுங்கிப்போனது டியூனிங் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு 1999இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6இல் டைட்டானியம் அலுமினைடு வந்தது. செராமிக்குக்கும் நிக்கலுக்கும் நடுவில் நிற்கும் உலோகம் என்று இதைச் சொல்லலாம்.

வெப்பத்தையும் நிக்கல் அளவுக்கு இது தாங்காது. 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு ஆக்ஸிஜன் இதன் மேற்பரப்பை அரிக்கத் தொடங்கும். பெட்ரோல் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வாயு 950 டிகிரிக்கு மேலும் போகும். சக்கரத்தின் உலோகம் வாயுவைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும் என்றாலும் நான் ரிஸ்க் எடுக்கவில்லை. டர்பைனுக்கு முன்னால் வெப்ப சென்சார் வைத்து, 900இல் எச்சரிக்கை அடிக்கும்படி செய்திருக்கிறேன். நீண்ட நேரம் முழு வேகத்தில் போகிறவர்கள், ரேஸ் டிராக்கில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டுகிறவர்கள் இன்கோனலிலேயே இருங்கள். அவர்களுக்குத் தேவையான தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது.

18,000 கிலோமீட்டர் ஆன பிறகு போன வாரம் எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடுகள் முழுசாக இருக்கின்றன, ஓரங்களில் அரிப்பு இல்லை, ஷாஃப்ட் ஆட்டம் புதிதில் இருந்த அளவுதான். வளைந்து நெளிந்த சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரல் எட்டாத இடத்துக்குச் சின்ன கேமராவை விடுங்கள். சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்பட்டால், அதைத் தேய்த்து எடுத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்வரை புது டர்போவைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.