எரிந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே தங்குவது? உறவினர் வீடா, சர்வீஸ் அபார்ட்மென்டா, வாடகை வீடா?

சென்னையில் ஒரு ஃபிளாட். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர் உருகித் தீப்பிடித்து, ஹாலும் சமையலறையும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். தீயணைப்பு வண்டி கிளம்பியதும் எழும் முதல் கேள்வி, இன்று ராத்திரி எங்கே படுப்பது? எங்கே வசதி என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். எங்கிருந்தால் எரிந்த வீட்டைத் தினமும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று யோசித்து முடிவெடுப்பதுதான் சரி என்பேன்.

"பெட்ரூம் நன்றாகத்தானே இருக்கிறது, இங்கேயே இருந்துகொள்ளலாமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம். பி.வி.சி. ஒயர் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தீ எட்டாத அறையிலும் அந்தப் புகைக்கரி படிந்திருக்கும். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடான கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறலாம்; 600 டிகிரி வாக்கில் உள்ளிருக்கும் கம்பியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கட்டுமானப் பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கூரைக்கு அடியில் தூங்கக் கூடாது. வயரிங்கைச் சோதிக்காமல் மெயின் சுவிட்சைப் போடவும் கூடாது. தனி வீடாக இருந்து, தனி மின் இணைப்பு உள்ள இன்னொரு மாடியில் தங்குவது என்றால் கதை வேறு. அதற்கும் பொறியாளர் சரி சொல்ல வேண்டும்.

உறவினர் வீட்டில் வாடகை இல்லை, சோறு உண்டு, பிள்ளைகளுக்குத் துணை உண்டு. அந்த அதிர்ச்சியில் முதல் இரண்டு மூன்று நாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ரிப்பேர் மாதக்கணக்கில் இழுக்கும். சித்தப்பா வீடு தாம்பரத்தில், எரிந்த வீடு பெரம்பூரில் என்றால் கொத்தனார் வந்தாரா, பூட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்க்கவே பாதி நாள் போய்விடும். சும்மா தங்கிய இடத்துக்கு இன்சூரன்ஸில் வாடகையும் கேட்க முடியாது.

சர்வீஸ் அபார்ட்மென்டில் பெரும்பாலும் மாதக்கணக்கில் அட்வான்ஸ் இல்லை. சமையலறை, பாத்திரம், பல இடங்களில் வாஷிங் மெஷினும் இருக்கும். லாட்ஜை ஒப்பிட்டால் குடும்பத்துக்கு இதுதான் தோது. நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் சரி. இன்சூரன்ஸில் கேட்க, பில்லை உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் என் ஓட்டு வாடகை வீட்டுக்குத்தான், அதுவும் அதே தெருவிலோ அதே குடியிருப்பிலோ. "மூணு மாசத்துக்கெல்லாம் தர்றதில்லைங்க" என்று ஓனர்கள் கையை விரிப்பார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நடப்பில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சாமான்களோடு பூட்டி வைத்திருக்கும் ஃபிளாட் ஏதாவது உண்டா என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். 11 மாத ஒப்பந்தமே போட்டாலும் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அப்போது பேரம் பேச உங்கள் கை ஓங்கியிருக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது இந்தக் கணக்கையே மாற்றிவிடும். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி ஒரு பாலிசி போட்டிருக்கலாம், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. அது 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி என்றால், வீடு குடியிருக்கத் தகுதியில்லாத காலத்துக்கு மாற்று வீட்டு வாடகையும் அதில் அடக்கம். இன்னொன்று, தீயைத் தொடர்ந்து நடக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் 7 நாளுக்கு மட்டும். ஆகவே முதல் வாரத்திலேயே வீட்டை அடைத்துவிட வேண்டும்.

எதை வைத்து அடைப்பது? உடைத்துத் திறந்த கதவுக்குப் பதில் பிளைவுட் அடித்துக் கொண்டி, பூட்டுப் போடுவது அன்றைக்கே முடிகிற வேலை, செலவும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது தாங்காது. ஜன்னல்களுக்குத் தகர ஷீட்தான். தனி வாட்ச்மேன் போட்டால் மாதச் சம்பளம். தனி வீட்டுக்கு அவசியம், வாசலில் காவலாளி உள்ள குடியிருப்புக்குத் தண்டம். அதைவிட, மிஞ்சிய விலையுள்ள சாமானை வெளியேற்றிவிட்டு, காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று சொல்லி ரோந்தில் சேர்க்கக் கேட்பது மேல். ஆனால் எரிந்தவற்றை, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை குப்பையில் போடாதீர்கள். எடுப்பவற்றையும் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு எடுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியவை பத்திரம், நகை, அப்புறம் பீரோவில் இருந்த பணம். கருகி நொறுங்கும் நோட்டுகளை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். உதிராமல் டப்பாவில் வைத்து ரிசர்வ் வங்கிக்கே கொண்டுபோக வேண்டும், சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது.