அலையாத்தி நடவுப் பயணம்: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

சென்னையிலிருந்து, சிதம்பரத்துக்கு அருகே அலையாத்திக் காடு (கடலோரச் சேற்றில் உப்புநீரைத் தாங்கி வளரும் மரங்களின் காடு) உள்ள பிச்சாவரத்துக்கு வார இறுதிகளில் 'அலையாத்தி நடவுப் பயணம்' என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனம் ஆட்களை அழைத்துச் செல்கிறது. தலைக்கு 2,800 ரூபாய். பேருந்து, இரண்டு வேளை உணவு, துடுப்புப் படகுச் சவாரி, ஆளுக்குப் பத்துக் கன்று நடும் வாய்ப்பு, கடைசியில் ஒரு சான்றிதழ் ஆகியவை அதில் அடங்கும். சென்ற மாதம் மனைவியுடனும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுடனும் போய் வந்தேன். இத்தகைய பயணங்களை இப்போது பலரும் நடத்துவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எதைப் பார்த்துப் பணம் கட்டலாம் என்பதுதான் படிப்பவர்களுக்குத் தேவை.

பேருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. கிள்ளைப் பக்கத்துப் பெண்கள் சமைத்துப் பரிமாறிய நண்டுக் குழம்பும் இறால் தொக்கும் அந்த நாளின் நிறைவான பகுதிகளில் ஒன்று. சமையல் பொறுப்பை ஊராரிடமே விட்டதற்காக நிறுவனத்தைப் பாராட்டுகிறேன்.

படகுச் சவாரிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் இந்தக் காடு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் உள்ளே போகும் குறுகிய ஓடைகளில், இருபுறமும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முட்டுவேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்க, துடுப்புச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காமல் நாற்பது நிமிடம் போனோம். எங்கள் படகோட்டி ஐம்பதைக் கடந்தவர். ஒரு கிளையைக் காட்டி, "இதுதான் சார் தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கை வெச்சிடாதீங்க" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரத்தை என் மகள் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் படகில்தான். சற்றுத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இருவர் பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

குறை அதற்குப் பிறகு தொடங்கியது. காட்டுக்கு வெளியே, உப்பங்கழி ஓரமாக இருந்த ஒரு சேற்றுத் திட்டில் எங்களை இறக்கி, முருங்கைக்காயைப் போல நீண்டிருந்த சுரபுன்னைக் காய்களைக் கொடுத்து ஊன்றச் சொன்னார்கள். இந்தக் காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டுவிடும்; கூரான முனை சேற்றுக்குள் போக வேண்டும். அதைக்கூட வழிகாட்டி சொல்லவில்லை. என் மகள் ஊன்றிய பத்தில் நான்கு தலைகீழாக இருந்ததைக் கண்டு, படகோட்டிதான் இறங்கி வந்து பிடுங்கித் திருப்பி வைத்தார். கூட்டம் புகைப்படத்துக்குப் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த எடம் ரொம்பப் பள்ளம் சார். வத்தத்துலயும் தண்ணி வடியாது. போன தடவை நட்டதுல ஒண்ணுகூட நிக்கல." முன்பு நட்ட குச்சிகள் சிப்பி அப்பிக் காய்ந்து நின்றதை அவர் கைகாட்டிய பிறகுதான் நான் கவனித்தேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களைக் கேட்டார்களா என்றேன். இல்லை என்று தலையசைத்தார்.

இதைவிட வருத்தம் தந்தது வழிகாட்டியின் பேச்சு. சுற்றியுள்ள ஊர்மக்கள் விறகுக்கு வெட்டியும் மாடு மேய்த்தும் காட்டை அழித்ததாக, அந்த ஊர்க்காரரே துடுப்புப் போடும் படகில் உட்கார்ந்து அவர் விளக்கினார். உண்மை வேறு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்ட வைத்தது அரசு நிர்வாகமே. நிழல் இழந்த சேற்று நிலம் வெயிலில் ஈரம் வற்றி, தாம்பாளம் போல நடுவில் அமிழ்ந்தது. கடல் ஏற்றத்தின்போது உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அதன் பிறகு அங்கே விழுந்த விதைகள் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள்ளின் வடிவில் வெட்டி, நீர் வந்து போக வழிசெய்தார்கள். உப்பு குறைந்ததும் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையை நட்டார்கள். வெட்டியதிலும் நட்டதிலும் உழைத்தவர்கள் இருளர் குடும்பங்கள் உள்ளிட்ட ஊர்மக்கள். வண்டல் படிந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது தூர்வார வேண்டும். அதற்கு ஊரில் ஒரு குழு வேண்டும். முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகவே சேதமடைந்தன.

இவ்வளவையும் தம் கையால் செய்து பார்த்த ஊரில், அந்த ஊர்க்காரர்களைச் சமையலுக்கும் துடுப்புக்கும் மட்டும் அமர்த்திவிட்டு, எங்கே நடுவது, எதை நடுவது என்பதை வெளியூர் அலுவலகம் முடிவு செய்வதுதான் இந்தச் சேவையின் அடிப்படைப் பிழை என்று நினைக்கிறேன். பத்துக் காய் ஊன்றியதற்காக எங்களுக்குத் தந்த சான்றிதழை மகள் வாங்க மறுத்துவிட்டாள், நான் வற்புறுத்தவில்லை.

பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: நடும் இடத்தைச் சொன்னது யார், போன ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கின்றன, கட்டணத்தில் ஊருக்குப் போவது எவ்வளவு. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகப் போகலாம். சுற்றிப் பார்த்தால் போதும் என்பவர்கள் சிதம்பரம் வரை தாங்களே போய், வெயில் ஏறும் முன் துடுப்புப் படகு எடுத்துக்கொள்ளலாம், செலவும் குறையும்.

சாப்பாட்டுக்கும் படகோட்டிக்கும் ஐந்துக்கு ஐந்து, நடவுக்கு ஒன்று. நடவை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் வாய்க்கால் தூர்வாரும் கூலியைக் கொடுக்கலாம் என்றும், விளக்கம் சொல்லும் வேலையைப் படகோட்டிகளிடமே ஒப்படைக்கலாம் என்றும் நிறுவனத்துக்கு விரிவாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.