ஐந்து வருடம், ஒரு துணுக்குப் புத்தகம், ஒரு கரும்பலகை

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில், ஆரியங்காவுக்கு ஏறும் சாலையோரம் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைச் சுவரில் மூன்றடிக்கு இரண்டடி கரும்பலகை ஒன்று மாட்டியிருக்கிறேன். காலையில் மிஷினைப் போட்டுவிட்டு, அது சூடாவதற்குள் பலகையைத் துடைத்து ஒரு துணுக்கு எழுதிவிடுவேன். ஐந்து வருடமாக நடக்கிறது. துணுக்குகள் எல்லாம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் 120 ரூபாய்க்கு வாங்கிய ஒரு தடிப் புத்தகத்திலிருந்து வருபவை. சரித்திரம், விஞ்ஞானம், சினிமா என்று கலந்துகட்டி ஆயிரத்துக்கு மேல் விநோதத் தகவல்கள் அதில் உண்டு. இந்த மாதிரிப் புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் புத்தகத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் புத்தகத்தின் உடம்பைப் பற்றி. ஆறாம் மாதமே பைண்டிங் விட்டுவிட்டது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் சாரல் விடாது. தாளெல்லாம் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிட்டது. கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன், இன்றுவரை தாங்குகிறது. எழுத்து பெரிது, கண்ணுக்கு நல்லது. பொருளடக்கம் கிடையாது. ஆக்டோபஸும் நெப்போலியனும் ஒரே பக்கத்தில் கிடப்பார்கள். இது குறை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதே பிடித்திருக்கிறது.

முதல் சில மாதங்கள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போர் முக்கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அதாவது அங்கே ஒரு சுற்றுக்குள் வருடமே முடிந்துவிடும். ஆர்.சி. புக் நகலெடுக்க நிற்கும் லாரிக்காரர்கள், கார்த்திகை மார்கழியில் மாலை போட்ட சாமிமார்கள், டியூஷன் பிள்ளைகள் என்று எல்லோரும் படிப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். மறுநாள் பக்கத்து டீக்கடை அண்ணாச்சியிடம் "நேற்று என்ன போட்டிருந்தேன்?" என்று கேட்டால், "ஏதோ போர்னு இருந்துச்சே" என்பார். அவ்வளவுதான் தங்கியது.

அதை மாற்றியது ஒரு பிராணி. ஆஸ்திரேலியாவில் வாம்பேட் என்ற விலங்கு கனசதுரமாகச் சாணி போடும் என்று ஒருநாள் எழுதினேன். புனலூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் நகலை வாங்கி மடித்துக்கொண்டே, "சேச்சி, அது எங்ஙனே?" என்றார். எப்படி என்று கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. அவர் மலையேறிப் போன பிறகும் அந்த 'எங்ஙனே' கடையிலேயே நின்றது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். அதன் குடல் சுவர் சுற்றிலும் ஒரே விறைப்பாக இருக்காதாம். விறைப்பான இடம் வேகமாகச் சுருங்கும், தளர்ந்த இடம் மெதுவாகச் சுருங்கும். கடைசிப் பகுதியில் ஈரம் வற்றி இறுகும்போது அந்த ஏற்றத்தாழ்வே மூலைகளாகப் பதிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு. மறுநாள் பலகையில் அதைத்தான் எழுதினேன். டிரைவர் மூன்றாம் நாள் திரும்பி இறங்கும்போது வண்டியை நிறுத்திப் படித்துவிட்டு, "ஆஹா" என்று கையைத் தட்டினார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மேலே 'என்ன', கீழே 'எப்படி'. ஆக்டோபஸின் ரத்தம் நீலம் என்பது மேல் வரி. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு, அதற்குச் செம்பு என்பது கீழ் வரி. கீழ் வரி இல்லாமல் எழுதிய நாட்களில் யாரும் நின்று பேசியதில்லை. இந்தப் புத்தகத்தின் பெரிய குறையே அந்தக் கீழ் வரி இல்லாததுதான்.

அடுத்த குறை அதைவிட மோசம். சில தகவல்கள் தவறு. சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று அச்சடித்திருந்ததை நானும் நம்பி எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வூதியச் சான்றிதழ் நகலெடுக்க வந்தவர், சாக்பீஸை வாங்கிப் பலகையிலேயே கணக்குப் போட்டார். சுவரின் அகலம் சில மீட்டர்தான். சந்திரன் இருப்பதோ ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால். "புளியரையில நான் ஒரு தலைமுடியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன், செங்கோட்டையில இருந்து உனக்குத் தெரியுதான்னு பாரு, அப்படித்தான் இது" என்றார். பிறகு படித்தேன்: 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமிக்கு வெகு அருகே சுற்றியும் சுவரைப் பார்க்க முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் சிவப்புப் பேனா இல்லாமல் புத்தகத்தைத் தொடுவதில்லை. நெப்போலியன் குள்ளன் என்பதற்குக் குறுக்கே கோடு. அவருடைய உயரத்தை 5 அடி 2 அங்குலம் என்று குறித்தது பிரெஞ்சு அளவில். அந்த அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரிது. நம் அளவில் கிட்டத்தட்ட 168 சென்டிமீட்டர் வரும், அந்தக் காலத்துக்குச் சராசரி உயரமே. ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் என்பதற்கும் கோடு. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் படித்து முடித்தவர் அவர். பரீட்சையில் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு அந்தப் பொய்யைச் சொல்லி ஆறுதல் கூறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உண்மையில் தடுமாறி மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இல்லாத கதை எதற்கு?

சரி, இனி இந்தப் புத்தகம் எனக்குக் கொடுத்த நல்லதைச் சொல்கிறேன். அதில் பாதி புத்தகத்தில் இல்லை, எங்கள் ஊரில் கிடைத்தது.

1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆகிவிட்டது என்று எழுதியிருந்த நாள் அது. ஓர் ஆச்சி பேரனோடு வந்தார், மஞ்சள் பையில் ஒரு பழைய பத்திரம். தடித்த தாள், மடிப்பெல்லாம் கிழிந்து, நடுவே ஒரு பூச்சி அரித்த துளை. கண்ணாடிமேல் விரிக்கும்போதே கை நடுங்கியது. பேரன் அதில் வருடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, 1098னு போட்டிருக்கு! சோழர் காலத்துப் பத்திரமா?" என்று கேட்டான். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஐயா வாங்கின வயக்காடுல அது, சோழர் எங்க இருந்து வந்தாரு?" என்றார்.

அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்காட்டியின் வருடக் கணக்கு. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், 1949க்குப் பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. இங்கே பத்திரமெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதுவார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. பத்திரத்தில் சித்திரை மாசம் என்று இருந்ததால் 1098ஓடு 825ஐக் கூட்டினேன்: 1923. ஆவணி தொடங்கி மார்கழி நடுவரை என்றால் 824தான் கூட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே புது வருடம் சிங்கம் என்ற மாதத்தில், நம் ஆவணியில் பிறக்கும். மறுநாள் பலகையில் 'இந்தப் பத்திரம் எந்த வருடம்?' என்று கேட்டு இந்தக் கணக்கை எழுதினேன். கேரள டிரைவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. கொல்லம் 1099 என்பதால் அந்தப் பெயர். அந்தக் கணக்கு எழுதிய பலகையை மூன்று நாள் அழிக்கவே விடவில்லை.

அந்த மூன்றாம் நாள்தான் டீக்கடை அண்ணாச்சி, "இதுக்கே இப்படின்னா, இருங்க" என்று வீட்டுப் பரணிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்தார். உள்ளங்கையைவிடச் சற்று அகலம், ஒரு பக்கம் பிடி. கருத்துப்போன மரம், எண்ணெய் ஏறி வழவழவென்று இருந்தது. மேல்பரப்பு முழுக்க வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், பத்துக்குப் பத்து. சக்கரம் என்ற பழைய நாணயத்தை எண்ணும் சக்கரப் பலகை. திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். விரலால் எடுத்து எண்ணினால் விடிந்துவிடும். அதனால் கைநிறைய அள்ளிப் பலகைமேல் போட்டு ஒரு குலுக்கு. ஒரு குழிக்கு ஒரு சக்கரம் உட்கார்ந்துகொள்ளும், மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் நூறு. எங்களிடம் சக்கரம் இல்லை. டீக்கடையிலிருந்து துவரம்பருப்பு வாங்கிப் போட்டுக் குலுக்கினோம். டியூஷன் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு. இரண்டு குழியில் பருப்பு இல்லை. இன்னொரு குலுக்கில் நூறு நிறைந்தது. அந்தச் சத்தம், மரத்தில் பருப்பு உருண்டு உட்காரும் அந்தச் 'சரசர', இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் இப்படியே தேடத் தொடங்கிவிட்டேன். புத்தகத்தில் 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான் கதை இருக்கிறது. முதலில் வந்து சேர்ந்தவர் பாதி வழியைக் காரில் கடந்தவர் என்று தெரிந்து, தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அவருக்கோ ஓடும்போதே முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்திருந்தார்கள். ஸ்ட்ரிக்னைன் எது? எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம். 'எட்டி பழுத்தென்ன' என்று நாம் பழமொழி சொல்லும் அதே எட்டி, மலைக்கு அந்தப்புறம் காஞ்ஞிரம். எங்கள் ஊர் வழியாகக் கொல்லம் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1904தான் என்பதைச் சேர்த்து எழுதியபோது, ரயில்வே வேலை பார்த்த ஒரு பெரியவர் கழுத்துருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

சினிமாத் துணுக்குகளுக்குத்தான் கூட்டம் அதிகம். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்தது. அதைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். இதை எழுதிய அன்று டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் வரை வாதம் ஓயவில்லை. மறுநாள் நம்முடையதையும் எழுதினேன்: முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931, நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். "நம்ம டீக்கடை மாதிரியே இருக்கே" என்றார் அண்ணாச்சி. அவர் தமிழில் கேட்பார், டிரைவர் மலையாளத்தில் சொல்வார், டீ சரியாக வந்துவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் கூடவே ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள். இரண்டு எழுதிய நாட்களில் இரண்டுமே தங்கவில்லை. 'உலகிலேயே பெரிய', 'உலகிலேயே நீளமான' என்று தொடங்கும் துணுக்குகளைத் தள்ளிவிடலாம், பாதி பழசாகியிருக்கும். குழந்தைகளுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். கடையில் வியாபாரம் இதனால் கூடியதா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. நகல் வேண்டியவர்கள்தான் நகலெடுக்கிறார்கள்.

சாரல் நாளில் சாக்பீஸ் பிடிக்காது. பலகையை உள்ளே எடுத்து வைத்துத்தான் எழுத வேண்டும். போன வாரம் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது பத்திரம் கொண்டுவந்த ஆச்சி குடையோடு வந்தார். "என்ன தாயீ எழுதியிருக்க, வாசிச்சுச் சொல்லு."

பலாப்பழம் என்பது ஒரே பழம் இல்லை, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகச் சேர்ந்தது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ என்று வாசித்தேன். ஆச்சி யோசித்தார்.

"அப்ப நடுவுல நார் நாரா சடை கெடக்கே, அது?"

"அதுவும் பூதான் ஆச்சி. மகரந்தம் சேராத பூ. அதான் சுளையாகலை."

"இத்தனை வருசமா தூரப் போட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பேரன் கையில் அரைப் பழம் வந்தது. ஒரு சடையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே கொடுத்தனுப்பியிருந்தார்.