ஸ்பிளிட்வைஸ்: வாடகைக்குக் கச்சிதம், அட்வான்ஸுக்கு உஷார்

ரூம்மேட்களுக்குள் மாதச் செலவைப் பிரிக்க ஸ்பிளிட்வைஸ் நல்ல ஆப். ஆனால் புதுச் செலவு எதைப் போட்டாலும் அது முதலில் சமமாகத்தான் பிரிக்கும். அறைகள் ஒரே அளவில் இல்லாத வீட்டில் அது நியாயமாகாது.

900 சதுர அடி வீடு, வாடகை 27,000 என்றால் சதுர அடிக்கு 30. ஹால், சமையலறை முதலான பொது இடம் 500 சதுர அடி. அதன் 15,000-ஐ மூவரும் ஆளுக்கு 5,000 ஏற்கலாம். அறைகள் 180, 120, 100 சதுர அடி என்றால் மொத்தப் பங்கு 10,400, 8,600, 8,000. இதைத் தொகையாகவே உள்ளிட்டு, மாதாமாதம் தானாக வரும்படி வைத்துவிடலாம். கரண்ட் பில்லுக்குப் பங்கு முறைதான் சரி: தங்கிய நாட்களையே பங்காகப் போடுங்கள், 30, 30, 12 என்று. இன்டர்நெட் கட்டணம் ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் ஓடும், அது சமமாகவே இருக்கட்டும்.

சிக்கல் அட்வான்ஸில்தான். ஒருவர் 81,000 கட்டி, மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்து முடித்ததும் ஆப் பூஜ்யம் காட்டும். ஓனரிடம் இன்னும் பணம் இருப்பது அந்தப் பூஜ்யத்தில் தெரியாது. அதனால் அட்வான்ஸுக்குத் தனிக் குழு தொடங்குங்கள். ஒப்பந்தத்தின் படத்தையும் அவரவர் பங்கையும் (31,200, 25,800, 24,000) அந்தப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒருவர் போய்ப் புதியவர் வந்தால், போகிறவர் தன் அட்வான்ஸ் பங்கைக் கட்டியதாகவும், அது முழுவதையும் புதியவர் தர வேண்டியதாகவும் பதியுங்கள். அதற்கு முன் அறையின் சேதத்தை இருவரும் சேர்ந்து பார்த்து, கழிவை அப்போதே பேசி முடிப்பது அவசியம். இல்லாவிட்டால் பழையவர் உடைத்ததற்குப் புதியவர் பணம் தர நேரும்.

ஓனர் பெயின்டிங்குக்கு 6,000 பிடித்துக்கொண்டு 75,000 திருப்பித் தந்தால், ஆளுக்கு 2,000 கழித்து 29,200, 23,800, 22,000. ஆப்பில் இதைத் தலைகீழாகப் பதிய வேண்டும்: மூவரும் இந்தத் தொகைகளைக் கட்டியதாகவும், பணத்தைக் கையில் வாங்கியவர் 75,000 முழுவதும் தர வேண்டியதாகவும்.

கடன்களைச் சுருக்கும் வசதியை அட்வான்ஸ் குழுவில் அணைத்து வையுங்கள். கொடுக்க வேண்டிய தொகை அதில் மாறாது, ஆனால் யாரிடம் கொடுப்பது என்பது மாறிவிடும். குழுவில் யார் வேண்டுமானாலும் பதிவைத் திருத்தலாம், அழிக்கலாம். ஆனால் யார் செய்தார்கள் என்பது செயல்பாட்டுப் பக்கத்தில் நிற்கும், அழித்ததை மீட்கவும் முடியும். இலவசப் பதிப்பில் ஒரு நாளைக்குச் சில செலவுகளையே சேர்க்க முடியும். வாடகைக்கும் பில்களுக்கும் அது போதும்; மளிகை, காய்கறியையெல்லாம் தனித்தனியாகப் போடுகிறவர்களுக்குப் போதாது.