ஐபிவி4 இணைப்பின் மேல் ஐபிவி6: டனலோடு சில ஆண்டுகள்

தக்கலையில் எங்கள் வீட்டிலும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மாமாவின் கடையிலும் சில ஆண்டுகளாக, இணையத்தின் புதிய முகவரி முறையான ஐபிவி6, பழைய முறையான ஐபிவி4 இணைப்புக்குள் பொதிந்து அனுப்பும் டனல் வழியாகவே வந்தது. இரண்டு இடத்திலும் இணைப்பு தந்தவர்கள் ஐபிவி4 மட்டுமே தந்தார்கள். வீட்டில் சிக்ஸ் இன் ஃபோர் வகை டனலும், கடையில் வயர்கார்டு என்ற மறையாக்க டனலும் அமைத்தேன். ரூட்டர்கள் இரண்டிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடுகிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று, நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஐபிவி4 முகவரி 32 பிட் கொண்டது. மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலக அளவில் பங்கிட்டுத் தரும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு வந்த சிறிய இணைப்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட் முறைக்குப் போனதில் வியப்பில்லை. படம் பார்ப்பதற்கும் பணம் அனுப்புவதற்கும் அதனால் இடையூறு கிடையாது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டும் என்றால்தான் கதவு அடைபடுகிறது. மாமா மார்த்தாண்டத்திலோ கோட்டயத்திலோ இருக்கும்போது கடையின் கேமரா ரெக்கார்டரைப் பார்க்க விரும்பினார். அந்தப் படம் வேறு யாருடைய சர்வர் வழியாகவும் போகக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். அவர் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 ஏற்கெனவே இருந்தது. 2016இல் ஜியோ வந்த பிறகு நம் நாட்டில் பெரும்பாலான கைப்பேசிகளுக்கு அது கிடைத்துவிட்டது. கடைப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்ற நிலை.

எந்த வகை டனல் என்பதை நம் விருப்பம் முடிவு செய்வதில்லை. ரூட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐபிவி4 முகவரிதான் முடிவு செய்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் முகவரியையும், வெளியே ஓர் இணையதளம் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் சிஜிநாட். தக்கலையில் மாறும் பொது முகவரி கிடைத்தது, குலசேகரத்தில் சிஜிநாட். சிக்ஸ் இன் ஃபோர் முறையில் ஐபிவி6 பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முன்னால் 20 பைட் ஐபிவி4 ஹெடர் (முகவரி விவரம் கொண்ட தலைப்பு) ஒன்று சேர்கிறது, அதில் நெறிமுறை எண் 41 என்று குறிக்கப்படுகிறது. டிசிபி, யுடிபி போல அதற்குப் போர்ட் எண் கிடையாது. ஆகவே போர்ட்டை வைத்துப் பிரித்துத் தரும் சிஜிநாட்டைத் தாண்டி அது வராது. பழைய ரூட்டர் மெனுக்களில் இன்னும் தென்படும் சிக்ஸ் டு ஃபோர் வேறு. 2002::/16 முகவரிகளைக் கொண்ட அந்த முறையின் பொது ரிலே முகவரியை 2015இலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். அதைத் தொட வேண்டாம். மைக்ரோடிக் ரூட்டரில் மட்டும் அதே பெயருள்ள மெனுவில்தான் சிக்ஸ் இன் ஃபோரையும் அமைக்க வேண்டும்.

வீட்டுக்கு ஹரிக்கேன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் டனலை, சிங்கப்பூர் முனையைத் தேர்ந்து எடுத்தேன். ஒரு /64 முகவரித் தொகுதி உடனே கிடைக்கும் (கோட்டுக்குப் பின்னுள்ள எண் குறையக் குறையத் தொகுதி பெரிது). கேட்டால் /48 ஒன்றும் தருகிறார்கள். டனலைப் பதியும்போது நம் முகவரி பிங்குக்கு (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்திக்கு) பதில் சொல்ல வேண்டும் என்பதால், ஃபயர்வாலில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியே பிபிபிஓஇ உள்நுழைவை (பயனர் பெயர், கடவுச்சொல் தந்து இணையும் முறையை) செய்துகொண்டு, நம் ரூட்டரைத் தன் பின்னால் வைத்திருந்தால், பல பெட்டிகள் நெறிமுறை 41ஐ உள்ளே விடுவதில்லை. கேபிள்காரரிடம் சொல்லி அதைப் பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது உள்நுழைவை நம் ரூட்டரிடமே விட்டுவிடும் நிலைக்கு, மாற்ற வேண்டும். எங்கள் கேபிள்கார அண்ணன், “அப்படிப் போட்டா இந்தப் பெட்டியோட வைஃபை போயிரும் தம்பி, பாத்துக்கோ” என்று எச்சரித்துவிட்டு, பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (அந்த இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். விலான் எண்ணைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அது இல்லாமல் ரூட்டர் எவ்வளவு நேரம் முயன்றாலும் உள்நுழையாது.

இனி எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. டனல் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வினை. சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட் எடுத்துக்கொண்டால் 1492. டனல் ஹெடருக்கு 20 போனால் 1472. ஹரிக்கேன் எலக்ட்ரிக் பக்கத்திலோ முதலில் 1480 என்று இருக்கும். இந்த 8 பைட் வேறுபாடு எப்படி வெளிப்படும் என்றால், பிங் ஒழுங்காகப் போகும், டிஎன்எஸ் பதில் தரும், சில தளங்கள் பளிச்சென்று திறக்கும். வேறு சில தளங்களில் உலாவியின் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டுகள் சிறியவை என்பதால் கடந்துவிடுகின்றன. சர்வர் தன் சான்றிதழை முழு அளவுப் பாக்கெட்டுகளில் அனுப்பும் இடத்தில் அவை வழியில் விழுந்துவிடுகின்றன. ஐபிவி6இல் இடையிலுள்ள ரூட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை. பெரிதாக இருக்கிறது என்று ஐசிஎம்பி (பிழையையும் நிலையையும் சொல்லும் நெறிமுறை) செய்தி அனுப்புவதோடு சரி. அந்தச் செய்தியை எங்கோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. அளந்து பார்ப்பது எளிது. வீட்டுக் கணினியிலிருந்து 1424 பைட் தரவோடு பிங் போய்த் திரும்பியது. 1425 ஆக்கியதும் நின்றது. ஐபிவி6 ஹெடர் 40, ஐசிஎம்பி ஹெடர் 8 சேர்த்தால் சரியாக 1472. அந்த எண்ணை ரூட்டரிலும் ஹரிக்கேன் எலக்ட்ரிக் கணக்கின் மேம்பட்ட அமைப்புகளிலும் ஒன்றுபோல இட்டு, ஃபயர்வாலில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கையும் (டிசிபி பாக்கெட்டுகளை டனலுக்கு ஏற்ற அளவுக்குள் நிறுத்தும் வசதியையும்) இயக்கிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவே இல்லை. ஐசிஎம்பியை முழுக்க அடைத்தால் பாதுகாப்பு என்று சொல்பவர்களின் பேச்சை ஐபிவி6இல் கேட்காதீர்கள்.

அடுத்த தலைவலி மழைக்காலத்தில் வரும். தென்னை மட்டை விழுந்து ஃபைபர் அறும், ஐப்பசி இடியில் மின்சாரம் போகும். இணைப்பு மீண்டு வரும்போது ஐபிவி4 முகவரி மாறியிருக்கும். சிக்ஸ் இன் ஃபோருக்கு எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமே கிடையாது. சிங்கப்பூர் முனை பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்க, ரூட்டர் வீட்டிலுள்ள கருவிகளிடம் ஐபிவி6 இருப்பதாகவே அறிவித்துக்கொண்டிருக்கும். டனல் எண், பயனர் பெயர், அப்டேட் கீ மூன்றையும் ஓப்பன்டபிள்யூஆர்டியில் இட்டுவிட்டால், இணைப்பு எழும்போது புதிய முகவரியை அதுவே தெரிவித்துவிடும். அதை மட்டும் நம்பாமல், எதிர்முனையை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து, பதில் இல்லையென்றால் டனலை இறக்கி ஏற்றும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றையும் வைத்தேன். டனல் இறங்கினால் அறிவிப்பும் நிற்கிறது. கருவிகள் காத்துக் கிடக்காமல் ஐபிவி4க்குப் போய்விடுகின்றன.

கடையில் இந்தச் சிக்கல் குறைவு. மும்பையிலுள்ள தரவு மையம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த சிறிய விபிஎஸ்ஸுக்கும் (மெய்நிகர் சர்வருக்கும்) கடை ரூட்டருக்கும் இடையே வயர்கார்டு ஓடுகிறது. அது யுடிபி என்பதால் சிஜிநாட்டைத் தாண்டும். 25 வினாடிக்கு ஒரு கீப்பலைவ் (வழியைத் திறந்துவைக்கும் சிறு பாக்கெட்) அனுப்பினால் வழி அடையாமல் இருக்கும். முகவரி மாறினாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும். வயர்கார்டு எடுத்துக்கொள்வது 60 பைட். அதன் வழக்கமான எம்டியுவான 1420 பிபிபிஓஇக்குள்ளும் அடங்கிவிடுவதால் அதை மாற்றவில்லை. விபிஎஸ் எடுக்கும்போது /48 அல்லது /56 ஒன்றை உங்கள் சர்வருக்கு ரூட் செய்து தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஒரே ஒரு /64 மட்டும் தந்தால் அதைக் கடைக்குள் கொண்டுபோக கடைக் கருவிகளின் சார்பில் சர்வரே பதில் சொல்லும் என்டிபி ப்ராக்ஸி என்று சுற்றுவேலை செய்ய வேண்டிவரும். பழைய மிப்ஸ் செயலி உள்ள ரூட்டரில் மறையாக்கத்தால் வேகம் நன்றாகவே இறங்கும். கேமராவுக்கு அது போதும்.

பல கருவிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்கும் நாட் ஐபிவி6இல் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி இருக்கிறது. ஆகவே டனல் இன்டர்ஃபேஸை ஃபயர்வாலின் வேன் (வெளி இணைய) மண்டலத்தில் சேர்த்த பிறகே அதை இயக்க வேண்டும். ரெக்கார்டருக்கு ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து, ப்ரிஃபிக்ஸ் (முகவரியின் முன்பாதி) மாறினாலும் பொருந்தும்படி முகவரியின் பின்பாதியை மட்டும் வைத்து விதி எழுதினேன். ரெக்கார்டரின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அதற்கு முன்பே மாற்றியாயிற்று.

வேகத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் வழியாகப் போகும் டனலில் சென்னை சர்வருக்குப் போகும் பாக்கெட்டும் கடலைக் கடந்து திரும்பித்தான் வரும். உலாவிகள் வேகமான வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் என்பது முழு உண்மையல்ல. ஐபிவி6க்கு 250 மில்லி வினாடி முன்னுரிமை தருவது பரிந்துரைக்கப்பட்ட வழக்கம் என்பதால், மெதுவான டனலே பெரும்பாலும் வென்றுவிடுகிறது. சில ஸ்ட்ரீமிங் சேவைகள் டனல் முகவரிகளை ப்ராக்ஸி என்று கருதிப் படத்தைத் தர மறுக்கின்றன. தொலைக்காட்சியைத் தனி வைஃபையில் போட்டு, அதில் ஐபிவி6ஐ அணைத்துவிட்டேன்.

இப்போது வீட்டு இணைப்பில் நேரடி ஐபிவி6 வந்துவிட்டது. அதை இயக்குவதற்கு முன் டனலை நீக்கினேன். இரண்டும் சேர்ந்து இருந்தால் கைப்பேசிகள் இரண்டு ப்ரிஃபிக்ஸிலும் முகவரி எடுத்துக்கொள்கின்றன, எது எந்த வழியில் போகிறது என்று பின்தொடர்வது கடினம். நேரடி இணைப்பில் எம்டியு 1492க்குத் திரும்பியது. சென்னைக்கான பிங் ஐபிவி4க்கு இணையாக இறங்கியது. குலசேகரத்தில் இன்னும் சிஜிநாட்தான், அதனால் வயர்கார்டும் தொடர்கிறது. விபிஎஸ் வாடகையை மாமா கட்டுகிறார். விபிஎஸ்ஸுக்குக் கிடைத்த /48இலிருந்து இன்னொரு /64ஐ அவருடைய வீட்டு ரூட்டருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.